பாய்லர் திருகில் யார் கை வைக்கலாம்?

நம் ஊர் அடுக்களையில் நெருப்பு எப்போதும் கண்ணெதிரே இருக்கும். விறகு அடுப்பானாலும் சரி, காஸ் அடுப்பானாலும் சரி, ஜுவாலை நீலமா மஞ்சளா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவோம். பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னரைக் கழற்றித் தேய்த்துவிடுவோம். குளிர் நாடுகளில் அதே நெருப்பை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். சுவரில் ஒரு பொத்தான், பெட்டிக்குள் 'உர்' என்று ஒரு சத்தம், சற்று நேரத்தில் அறையெல்லாம் கதகதப்பு, குழாயில் வெந்நீர். அதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. குளிரவில்லையா, சரி, குளிருகிறதா, யாரையாவது கூப்பிட்டு "கொஞ்சம் கூட்டி வைங்களேன்" என்கிறோம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு பெரிய விஷயம் என்று இல்லத்தரசிகள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

நான் சொல்வது எண்ணெய் பாய்லரைப் பற்றி. நாங்கள் இருக்கும் வட அயர்லாந்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இதுதான். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு இந்தப் பகுதிக்கு வந்ததே 1996-ல்தான். இன்றைக்கும் எல்லாக் கிராமங்களுக்கும் அது போய்ச் சேரவில்லை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கிராமப்புற வீடுகள் பலவற்றில் இதே கதைதான். கொல்லைப்புறத்தில் ஆயிரம் லிட்டருக்குக் குறையாத ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் லாரியில் வந்து எண்ணெய் நிரப்பிவிட்டுப் போவார்கள். என்ன எண்ணெய் என்கிறீர்கள்? நம் ரேஷன் கடைகளில் கேனை வைத்துக்கொண்டு வரிசையில் நின்று வாங்கினோமே, அதே மண்ணெண்ணெய் ஜாதிதான்.

மருத்துவமனை வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்படிப்பட்ட வீடுகளில் நிறைய இருக்கின்றன. மகளின் பிரசவத்துக்கென்று ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். பச்சைக் குழந்தையும் பிள்ளை பெற்றவளும் வயதானவர்களும் நாள் முழுக்க மூடிய வீட்டுக்குள் இருப்பதால், இது அடுக்களை சமாசாரம் மட்டுமல்ல, ஆரோக்கிய சமாசாரமும் கூட.

பம்ப் ஸ்டவ்வின் பெரியம்மா

எண்ணெய் பாய்லரைப் புரிந்துகொள்ள நம் பம்ப் ஸ்டவ்வை நினைத்துக்கொண்டால் போதும். 1892-ல் ஸ்வீடன் தேசத்தில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் கண்டுபிடித்த பிரைமஸ் ஸ்டவ்தான் நம் வீட்டு பம்ப் ஸ்டவ்வுக்கெல்லாம் மூலம். கையால் காற்றை அடித்து ஏற்றுவோம். காற்று மண்ணெண்ணெயை மேலே தள்ளும். சூடான குழாயில் அது ஆவியாகி, நிப்பிளின் ஊசித் துளை வழியாகச் சீறி வந்து நீலமாக எரியும். அழுத்தம் குறைந்தால் ஜுவாலை மஞ்சளாகிப் புகையும். துளை அடைத்தால் பின் போடுவோம். அழுத்தம், துளை, காற்று இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் நல்ல நெருப்பு.

பாய்லரிலும் இந்த மூன்றேதான். கையால் அடிப்பதற்குப் பதில் மின்சார மோட்டார் ஒன்று பம்ப்பையும் காற்றாடியையும் சேர்த்துச் சுழற்றுகிறது. பம்ப் எண்ணெயை அழுத்தி, நாஸில் எனப்படும் மிகச் சிறிய துளை வழியே தள்ளும். இங்கே எண்ணெய் ஆவியாக வருவதில்லை; பனிச்சாரல் போலப் பொடிப்பொடித் துளிகளாகச் சிதறி வருகிறது. பக்கத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மின்பொறி பறக்கும். காற்றாடி காற்றைத் தரும். 'பக்'கென்று பற்றிக்கொண்டு எரியும். நெருப்பு பற்றியதா இல்லையா என்று பார்ப்பதற்கு ஒரு மின் கண்ணும் உண்டு. பற்றாவிட்டால் சில விநாடிகளில் எண்ணெயை நிறுத்திச் சிவப்பு விளக்கைக் காட்டிவிடும்.

குக்கரைப் போல் ஏழு மடங்கு

பம்ப் கொடுக்கும் அழுத்தம் எவ்வளவு? நம் பிரஷர் குக்கரில் வெயிட் ஆடும்போது உள்ளே இருப்பது சுமார் ஒரு 'பார்' அழுத்தம். வீட்டு பாய்லரின் எண்ணெய்ப் பம்ப் வேலை செய்வது பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து 'பார்' வரை. அதாவது குக்கரைப் போல் ஏழு மடங்கு, பத்து மடங்கு. எந்த பாய்லருக்கு எவ்வளவு என்பதை அதைத் தயாரித்தவர்கள் கையேட்டில் அட்டவணை போட்டுக் கொடுத்திருப்பார்கள். இந்த அளவு நாஸில், இத்தனை டிகிரி சாரல், இவ்வளவு அழுத்தம், காற்றுக் கதவு இந்த எண்ணில் என்று ஒரே வரியில் இருக்கும். நாலும் சேர்ந்த ஒரு மாத்திரைச் சீட்டு மாதிரி அது. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற மூன்றும் பொருந்தாது.

நாஸிலின் மேல் பொடி எழுத்தில் 0.50 என்று போட்டிருந்தால், ஏழு பார் அழுத்தத்தில் மணிக்கு அரை அமெரிக்க காலன், அதாவது சுமார் 1.9 லிட்டர் எண்ணெய் போகும் என்று பொருள். அதே நாஸிலில் அழுத்தத்தைப் பத்து பாருக்கு ஏற்றினால் சுமார் 2.26 லிட்டர் போகும். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். பம்ப்பில் இருக்கும் சின்னத் திருகை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் போதும், இந்த வித்தியாசம் வந்துவிடும்.

"எண்ணெய் கூடப் போனால் சூடும் கூடத்தானே வரும், நல்லதுதானே?" என்று கேட்கத் தோன்றும். எண்ணெய் கூடிய அளவுக்குக் காற்றும் கூடினால்தான் அது முழுக்க எரியும். காற்றுக் கதவு பழைய இடத்திலேயே இருந்தால் எரியாத மிச்சம் கரியாகும். அந்தக் கரி பாய்லரின் உட்சுவரில் படிந்து, தண்ணீருக்குச் சூடு போகாமல் கம்பளி போர்த்தின மாதிரி தடுக்கும். சூடு புகைபோக்கி வழியே வெளியே போய்விடும். எண்ணெய்ச் செலவு ஏறும், வீடு மட்டும் குளிரும். 'இன்னும் கொஞ்சம் கூட்டலாமா' என்று மறுபடி திருகுவார்கள். அதைவிடப் பெரிய கெடுதல், காற்றுப் போதாமல் எரியும் நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாவதுதான்.

அழுத்தம் குறைந்தாலும் தொல்லைதான். சாரல் பொடியாகச் சிதறாமல் பெரிய துளியாக விழும். பற்றுவது தாமதமாகும், பற்றும்போது 'டமார்' என்று சத்தம் வரும். மண்ணெண்ணெய் வாடை வீசும். சரியாக எரியாத எண்ணெய் இதிலும் கரியும் புகையுமாகும்.

மூன்று தவறுகள் சேர்ந்தபோது

எங்கள் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். முதல் குழந்தைக்கு நாலு மாதம். உதவிக்குப் பெண்ணின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அடுக்களையை ஒட்டின சின்ன அறையில் பாய்லர். குளிர் தாங்கவில்லை என்று, சில்லறை ரிப்பேர் வேலைகள் செய்கிற ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் அளவு பார்க்கும் கருவி எதுவும் கொண்டு வரவில்லை. சத்தத்தைக் காதால் கேட்டே திருகை அரைச் சுற்று திருப்பிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் வீடு நன்றாகவே சூடாக இருந்ததாம்.

அதற்கு முன்பே இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. பாய்லர் அறைச் சுவரில் கீழே காற்று வருவதற்கு ஒரு துளைப்பலகை உண்டு. குளிர்காற்று வருகிறதே என்று பாட்டியம்மா அதில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டார்கள். இன்னொன்று, குழந்தையைக் குளிப்பாட்டினதும் கரித்துண்டு மூட்டிச் சாம்பிராணி போட்டபோது கூடத்தில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியிருக்கிறது. 'இது ஒரு ரோதனை' என்று அதைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அம்மாவுக்குத் தினம் காலையில தலைவலி. வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. குளிர் ஒத்துக்கலையோ என்னவோ. எனக்கும் ரெண்டு நாளா தலை பாரமா இருக்கு."

"வெளியே போனா எப்படி இருக்கு?"

"அதான் அக்கா ஆச்சரியம். கடைக்குப் போனா சரியாயிடுது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆனா மறுபடி வந்துடுது."

"குழந்தை?"

"தூங்கிக்கிட்டே இருக்கான் அக்கா. பாலுக்கு எழுப்பினாக்கூட முழிக்க மாட்டேங்கிறான்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "முதல்ல பாய்லர் சுவிட்சை அணைச்சிடு. கதவு ஜன்னல் எல்லாத்தையும் திற. குழந்தையையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு உடனே வெளியே போயிடு. 999-க்குப் போன் பண்ணி, பாய்லர் புகையா இருக்கும்னு சந்தேகப்படறோம்னு சொல்லு. ஸ்வெட்டர் தேடிக்கிட்டு நிக்காதே" என்றேன்.

மருத்துவமனையில் மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சந்தேகம் சரிதான். ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். தெய்வாதீனமாக எல்லோரும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். மறுநாள் பதிவு பெற்ற டெக்னீஷியன் வந்து கருவியை மாட்டிப் பார்த்தபோது, கையேட்டில் போட்டிருந்ததைவிடப் பம்ப் அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. உள்ளேயும் புகைபோக்கியிலும் கரி அப்பியிருந்தது. வெளியே போக வேண்டிய புகைக்கு வழி குறைந்து, உள்ளே வர வேண்டிய காற்றுக்கும் வழியில்லாமல், வாயு அறைக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. எச்சரிக்க வேண்டிய அலாரமோ இழுப்பறையில்!

தெரிந்தவர் எப்படிச் செய்வார்?

சரியான டெக்னீஷியன் வந்ததும் திருகுப்புளியை எடுக்க மாட்டார். முதலில் தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா, வழியில் உள்ள வடிகட்டியில் அழுக்கோ தண்ணீரோ சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பாய்லரைத் திறந்து கரியைச் சுரண்டித் துடைப்பார். நாஸிலைப் பெரும்பாலும் வருஷா வருஷம் மாற்றிவிடுவார்கள்; அதன் துளை தேய்ந்திருந்தால் அழுத்தத்தை எப்படி வைத்தாலும் சாரல் கோணலாகத்தான் விழும்.

பிறகு பம்ப்பில் அதற்கென்று உள்ள துளையில் அழுத்தமானியைப் பொருத்துவார். பாய்லரை ஓடவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். முள் ஒரே இடத்தில் நிற்காமல் ஆடினால், எண்ணெய்க் குழாயில் காற்றுக் குமிழ் இருக்கிறது, அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். திருகைத் திருப்பினால் அதெல்லாம் குணமாகாது. ஜுரத்துக்குக் காரணம் தெரியாமல் தெர்மாமீட்டரை உதறி வைத்த கதைதான். முள் நிலையாக நின்று, ஆனால் கையேட்டு எண்ணுக்குக் கீழேயோ மேலேயோ இருந்தால் மட்டுமே திருகைத் தொடுவார். வலப்பக்கம் திருப்பினால் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். ஒரு நூல் அளவு திருப்புவது, முள்ளைப் பார்ப்பது, மறுபடி ஒரு நூல்.

அதோடும் வேலை முடியவில்லை. புகைபோக்கியில் ஒரு சிறு குழாயை நுழைத்துப் புகையை இழுத்து வெள்ளைக் காகிதத்தில் கறை படிகிறதா என்று பார்ப்பார். இதற்கு 0 முதல் 9 வரை எண் உண்டு. 0 அல்லது 1-க்கு மேல் போகக்கூடாது. இன்னொரு கருவி புகையில் கார்பன் டை ஆக்ஸைடு எத்தனை சதவீதம், கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, புகையின் சூடு எவ்வளவு என்று காட்டும். அதைப் பார்த்துக் காற்றுக் கதவைச் சரிசெய்வார். அழுத்தத்தை மாற்றிவிட்டுப் புகையைச் சோதிக்காமல் போனால், அது பாதி வேலை கூட இல்லை.

நாம் செய்யலாம், செய்யக் கூடாது

திருகில் கை வைக்கிற வேலை நமக்கு வேண்டாம். அதை ஒட்டி நாம் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

1. வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் தொடங்குவதற்கு முன்பே சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள். பிரிட்டனில் எண்ணெய் பாய்லர் வேலைக்கு 1991-ல் தொடங்கிய 'ஆஃப்டெக்' என்ற அமைப்பு டெக்னீஷியன்களைப் பதிவு செய்கிறது. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

2. அவர் போவதற்கு முன்னால் மூன்று எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பம்ப் அழுத்தம் எத்தனை பார், புகை எண் எவ்வளவு, நாஸிலின் அளவு என்ன. அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கருவியே மாட்டாமல் திருகினவரால் இந்த எண்களைச் சொல்ல முடியாது!

3. சிவப்பு விளக்கு எரிந்து பாய்லர் நின்றுவிட்டால், தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா, குழாயின் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம். மறுபடி நின்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரியாத எண்ணெய் உள்ளே சேரும். பிறகு ஒரு தடவை பற்றும்போது எல்லாம் சேர்ந்து பற்றும்.

4. தொட்டியை அடிவரை காலியாக விடாதீர்கள். அடியில் தங்கின வண்டலும் தண்ணீரும் வடிகட்டிக்கு வந்துவிடும். குழாயில் காற்று புகுந்துவிடும். பம்ப்புக்கு உயவு தருவதே அந்த எண்ணெய்தான். அது வெறுமனே ஓடினால் தேய்ந்துபோகும்.

5. வாரம் ஒரு தடவை வெளியே போய்ப் புகைபோக்கி வாயைப் பாருங்கள். அதைச் சுற்றிக் கறுப்பு படிந்திருந்தால், எண்ணெய் வாடை வந்தால், பற்றும்போது 'டமார்' சத்தம் கேட்டால், எண்ணெய் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தால், பாய்லரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

6. காற்றுத் துளைகளை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். பாய்லர் அறையில் துணி காயப்போட்டு, அட்டைப்பெட்டி அடுக்கி வழியை மறைக்கவும் வேண்டாம்.

வாசனையில்லாத எதிரி

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். உடம்புக்கு மூச்சு கிடைக்காமல் போகும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி, குழப்பம் இவை அறிகுறிகள். சளி ஜுரம் என்று ஏமாந்துவிடுவோம். ஆனால் இதில் ஜுரம் இருக்காது. வீட்டில் ஒருவருக்கு மட்டுமின்றிப் பலருக்கும் ஒரே சமயத்தில் வரும். வெளியே போனால் தெளியும், உள்ளே வந்தால் திரும்பும். இந்த அடையாளத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஆபத்து அதிகம். கர்ப்பிணிகள் சுவாசித்தால் வயிற்றில் இருக்கும் சிசுவையும் அது பாதிக்கும்.

அதனால் பாய்லர் இருக்கும் அறையில் அலாரம் கட்டாயம் வேண்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் உள்ள வசிப்பறைகளில் இதை வீட்டுச் சொந்தக்காரரே பொருத்தித் தர வேண்டும் என்பது சட்டம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தைரியமாகக் கேட்கலாம். சோதனைப் பொத்தானை அழுத்தி அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வருஷம்வரை உழைக்கும் என்று அதன் மேலேயே போட்டிருக்கும்.

பிரசவத்துக்கு வரும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. கரித்துண்டில் சாம்பிராணி போட்டபோது அலாரம் கத்தினால், அது கெட்டுப்போய்க் கத்தவில்லை. கனலும் கரியிலிருந்தும் இதே வாயுதான் வருகிறது. நம் ஊரில் ஓடும் தாழ்வாரமுமாகக் காற்றோட்டமான வீட்டில் பழகின வழக்கம், ஜன்னல் அடைத்த வீட்டுக்கு ஒத்துவராது. குழந்தையின் தலையை மெல்லிய துண்டால் ஒற்றித் துடைத்துக் கதகதப்பான அறையில் உலர்த்தினாலே போதும்.

பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டில் ஒரு பக்கம் பாய்லருக்கும் ஒதுக்குங்கள். சர்வீஸ் செய்த தேதி, அந்த மூன்று எண்கள், எண்ணெய் நிரப்பிய நாள், எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள். இரண்டு குளிர்காலம் எழுதினால் போதும். மூன்றாவது வருஷம் எண்ணெய் எங்கே அநியாயமாகப் போகிறது என்று வருகிற டெக்னீஷியனிடம் நீங்களே எடுத்துக் காட்டுவீர்கள்.